கதையை ஒளித்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு

தூத்துக்குடியில் லாரி புக்கிங் ஆபீசில் பில் போடுகிற ஒருத்திக்கு சினிமாக்காரர்களிடமிருந்து அழைப்பு வந்தால் அந்த ஆபீஸ் சும்மா இருக்குமா? திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் நாற்பது பேரைப் பொறுக்கியெடுத்து, கல்வராயன் மலையில் கரியாலூர் என்ற ஊரில் மூன்று நாள் தங்கவைக்கிறார்களாம். எல்லோரும் ஒருவரோடொருவர் பழகலாம். இரண்டாம் நாள் மாலை இயக்குநர் ஒருவர் வருவார். கடைசி நாளில் ஆளுக்குப் பத்து நிமிடம் அவரிடம் தனியாகக் கதை சொல்லலாம். "பழகுறதுக்கு எதுக்கும்மா மலைக்குப் போகணும், இங்க டிரைவர்மார்கிட்ட பழகுறது பத்தாதா?" என்று மேனேஜர் கேட்டார். கேட்டுவிட்டு லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஏழு வருடமாக ஒரே கதையை எழுதி, அடித்து, திருத்தி, பைண்டிங் போட்டு, சினிமா எழுத்தாளர் சங்கத்தில் பதிவும் செய்து வைத்திருந்தேன். நூற்று முப்பத்தாறு பக்கம். இதுவரை சினிமாக்காரர்கள் பதினோரு பேர் வாங்கிப் போனார்கள், ஒருவரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தத் தடவையும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எழுதுகிறதை விட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தடுப்பார் என எதிர்பார்த்தேன். "சரி" என்றார். அந்த ஒரு சரியைச் சுமந்துகொண்டுதான் ரயில் ஏறினேன்.

ரயில் சின்னசேலத்தில் என்னை இறக்கிவிட்டபோது நேரம் தப்பிவிட்டது. கூட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஏற்கெனவே போய்விட்டது. தை மாதக் குளிர். எங்கள் ஊரில் தை மாதம் என்றால் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்போம், அவ்வளவுதான். இங்கே ஸ்டேஷன் வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டு என்னைப் பார்த்து நடந்து வந்தது.

"தூத்துக்குடி அக்காதானே? வேன்காரங்க பூட்டாங்க. உங்களுக்குன்னு என்னை நிறுத்திட்டுப் போயிருக்காங்க. எம்பேரு ஆரோக்கியம். ஜீப்பு நம்முளுதுதான். சாப்ட்டீங்களா? மேல பூட்டா மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் கெடைக்காதுங்க."

முப்பத்தைந்து வயதிருக்கும். என் பையை வாங்கிக்கொண்டு எதிரே இருந்த கடைக்கு அழைத்துப் போனார். சுடச்சுட நாலு இட்லி, வேர்க்கடலைச் சட்னி, தண்ணீராக ஒரு சாம்பார். எங்கள் ஊரில் இப்படி ஒரு சாம்பாரை ஊற்றினால் சண்டை வந்துவிடும். இங்கே இட்லியை அதிலேயே மூழ்கவிட்டு, கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்கள். நானும் மூழ்கவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு வாங்கினேன்.

வடக்கனந்தலில் ஜீப்பை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு ஊதா நிற ஸ்வெட்டருடன் வந்தார். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "மேல ஜாஸ்தி குளிருங்க. இந்தச் சேலையோட போனீங்கன்னா வெறைச்சுக்குவீங்க. போட்டுக்குங்க, திரும்பி வரச்சொல்லோ குடுங்க" என்று ஜன்னல் வழியாகத் திணித்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஆபீசில் ஒரு தார்ப்பாய் இரவல் கொடுக்கிறதற்கே மூன்று இடத்தில் கையெழுத்து வாங்குவோம்.

கோமுகி அணையைத் தாண்டி ஜீப் மேலே ஏறத் தொடங்கியது. எனக்கு மலை பார்த்துப் பழக்கமில்லை. எங்கள் ஊரில் உயரமான ஒன்று என்றால் உப்பளத்து ஓரத்தில் குவித்து வைத்திருக்கிற உப்பு அம்பாரம்தான். அதுவும் மழைக்கு முன்னால் ஓலை போட்டு மூடிவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு வளைவிலும் கீழே இருந்த ஊர்கள் சின்னதாகிக்கொண்டே போயின. கரும்புக் கொல்லை, மரவள்ளிக் கொல்லை, நடுவில் ஏரி, எல்லாம் கால் மாட்டில் விரித்த துணி மாதிரி கிடந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்த ஆரோக்கியம் சிரித்தார். அப்போதுதான் முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம்.

"பெல்ட்டு பூடுச்சு" என்றார், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

இறங்கி, அறுந்த ஃபேன் பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். கால் மணி நேரத்தில் மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. கையைக் காட்டினார். பஸ் நின்றது. கண்டக்டரிடம் பெல்ட்டை நீட்டி, "கச்சிராயபாளையத்துல நம்ப கடையில குடுங்கண்ணே, இதே சைசு" என்றார். கண்டக்டர் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

"அவ்வளவுதானா தம்பி?" என்றேன்.

"அவ்ளோதாங்க. அவரு மேல வரச்சொல்லோ புதுசு எடுத்தாருவாரு. ரெண்டரை மணி நேரம் ஆவும். உக்காருங்க."

காசும் கொடுக்கவில்லை, சீட்டும் எழுதவில்லை. இருபது வருடமாகச் சரக்கு அனுப்புகிற ஆபீசில் இருக்கிறேன், இப்படி ஒரு டெலிவரியை நான் பார்த்ததில்லை.

ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. ஒரு இலை விழுந்தால் கேட்கிறது. ஆரோக்கியம் மட்கார்டில் சாய்ந்துகொண்டு, "சினிமாவுக்குக் கதை எழுதறீங்களாமே. இன்னா கதைங்க?" என்றார்.

"ஒரு எமோஷனல் டிராமா" என்றேன். யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டும் என்று பழக்கிக்கொண்ட பதில். கதை திருடுபோய்விடும் என்கிற பயத்தில் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

"அப்டின்னா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சினிமாக்காரர் இல்லை, இவர் எங்கே திருடப்போகிறார்? ரெண்டரை மணி நேரம் வேறு இருக்கிறது. சொல்லத் தொடங்கினேன்.

செல்லக்கனி என்று ஒருத்தி. தூத்துக்குடியில் லாரி எடைமேடையில் எடைச்சீட்டு எழுதுகிறவள். அவள் புருஷன் தோணியில் சரக்கோடு போனவன் திரும்பவில்லை. கடலில் போய்விட்டான் என்று எல்லோரும் காரியம் செய்யச் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். பதினோரு வருடம் ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் ஒரு டிரைவர், கொல்லம் பக்கத்தில் அந்த ஆளைப் பார்த்தேன், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான் என்று சொல்கிறான். அவள் கிளம்பிப் போகிறாள். ரயில், பஸ், அப்புறம் கொதிக்கிற வெயிலில் நாலு மைல் நடை. வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறாள். கதவு முன்னால் நிற்கிறாள்.

வாய்விட்டுச் சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவர் நடுநடுவே "உம்... உம்..." என்றார். "அந்தப் பாவி ஒரு கடுதாசி போட்டிருக்கக்கூடாதா?" என்று கோபப்பட்டார். கதவு முன்னால் அவள் நிற்கிற இடத்தில் நான் மூச்சு வாங்கியபோது பஸ் ஹாரன் கேட்டது. கண்டக்டர் ஜன்னலிலிருந்து புது பெல்ட்டை வீசினார். ஆரோக்கியம் அதைப் பிடித்துக்கொண்டு போனெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். மிச்சத்தை அவர் முதுகிடம் சொன்னேன். அவள் கதவைத் தட்டவில்லை, அப்படியே திரும்பி வந்துவிடுகிறாள், அதுதான் முடிவு. "சரிங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கரியாலூரில் தங்குமிடத்துக்கு எதிரே மேகம் தரையில் படுத்திருந்தது. மிகைப்படுத்தவில்லை, காலால் உதைத்துக்கொண்டு நடக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நான் மீன் இல்லாமல் மூன்று நாள் எப்படி ஓட்டப்போகிறேன் என்று பயந்தவள், இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன்.

பிறகு பழகுகிற வைபவம் தொடங்கியது. நாற்பது பேரும் கழுத்தில் பெயர் அட்டையுடன் வட்டமாக நின்றோம். ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு பைண்டிங். "நீங்க என்ன கதை வச்சிருக்கீங்க?" "ஒரு த்ரில்லர். நீங்க?" "ஃபேமிலி சப்ஜெக்ட்." "எந்த ஊர்ல நடக்குது?" "அது... ஒரு ஊர்ல." அதற்கு மேல் யார் வாயும் திறக்கவில்லை. தேநீர் குடிக்கப் போகும்போதும் பைண்டிங்கோடு போனோம். குளிக்கப் போகும்போது நான் என்னுடையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். என் அறையில் இருந்த பிரேமா, சேலத்தில் டியூஷன் எடுக்கிறவர், நல்ல மனுஷி. அவர் தன்னுடையதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். "தப்பா நெனைக்காதீங்கக்கா, ஒரு தடவ சுட்டுட்டாங்க" என்றார். கதை சொல்லப் பிறந்தவர்கள் நாற்பது பேர் ஒரு மலை உச்சியில் கூடி, ஒருவருக்கொருவர் ஒரு கதையும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை பெரியார் அருவிக்கு அழைத்துப் போனார்கள். கறுப்புப் பாறை முழுக்க வெள்ளையாக இறங்குகிறது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்ததைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிதாக ஒன்றை இத்தனை வயதுவரை பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்றிருந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் பேசவேண்டியிருந்தது. கரியாலூரில் செல்போனுக்கு உயிரில்லை. ஆரோக்கியம் எங்கள் சமையலுக்குக் காய்கறி வாங்க வெள்ளிமலைக்குப் போகிறார், அங்கே டவர் கிடைக்கும் என்றார்கள். தொற்றிக்கொண்டேன். திரும்பும்போது வழியில் கடுக்காய் மூட்டைகளோடு நின்ற நாலு மலைப்பெண்களை ஏற்றிக்கொண்டார். ஏறி உட்கார்ந்த உடனே ஒருத்தி கேட்டாள்:

"காத்தால வுட்ட எடத்துலேர்ந்து சொல்லு. தோணி வர்லியா?"

ஆரோக்கியம் கியரை மாற்றிக்கொண்டே, "எங்க வந்துது? ஊரே சொல்லுது, அவன் பூட்டான், தாலியக் கழட்டுன்னு. அவ கேக்கலியே. வர்ற லாரிய எல்லாம் நிறுத்தி, எந்த ஊரு எந்த ஊருன்னு கேட்டுக்கினே கீறா..."

என் கதை! சங்கத்தில் பதிவு செய்த கதை! ஒரே நாளில் மலை முழுக்க வண்டியேறிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. பின்னால் நாலு பெண்களும் மூட்டையை மறந்துவிட்டு முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனி எடைச்சீட்டில் தப்பாக எழுதி முதலாளியிடம் திட்டு வாங்குகிற இடத்தில் ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். ஏழு வருடத்தில் என் செல்லக்கனிக்காக வேறொருவர் ஐயோ என்றது அதுதான் முதல் தடவை.

"அவளுக்குப் புள்ளகுட்டி இல்லியா?" என்றாள் இன்னொருத்தி.

ஆரோக்கியம் என் பக்கம் திரும்பினார். "இல்லீங்களேக்கா? இவங்கதான் கதைக்காரங்க."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதை யோசித்ததே இல்லை. "இல்ல" என்றேன்.

"அதான் தேடறா" என்றாள் அவள். "புள்ள இருந்தா அதும் மூஞ்சியப் பாத்துக்கினு கெடந்திருப்பா."

அடுத்த வளைவில் அவர்கள் ஊர் வந்துவிட்டது. "மீதி நாளைக்கு சொல்லணும், ஏமாத்தாத" என்று மிரட்டிவிட்டு இறங்கினார்கள். ஆரோக்கியம் என்னை இறக்கிவிட்டு, இயக்குநரை அழைத்துவர மறுபடி சின்னசேலத்துக்கு இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் என் முறை வந்தபோது மணி மூன்று. சின்ன அறை, ஒரு மேசை. இயக்குநரைப் படத்தில் பார்த்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை, களைத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். காலையிலிருந்து முப்பது கதை கேட்டிருப்பாரே. பைண்டிங்கை வைத்தேன். "சார், தூத்துக்குடியில ஒரு எடைமேடை..." என்று தொடங்கினேன்.

அவர் நிமிர்ந்தார். "செல்லக்கனியா?"

மேசையில் வைத்த பைண்டிங்கை மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன்.

"நேத்து ஜீப்ல வர்றப்ப அந்த டிரைவர் சொன்னாரும்மா. அணைகிட்ட ஆரம்பிச்சு இங்க வந்து சேர்றப்ப முடிச்சாரு. யார் கதைன்னு கேட்டேன், உள்ள ஒரு அக்கா இருக்காங்கன்னாரு. காலைலேர்ந்து நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துட்டிருக்கேன்." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாம் சரி, அந்தக் கடைசி சீன். கதவத் தட்டறா. அவனே வந்து தொறக்கறான். அடையாளம் தெரியல. 'குடிக்கக் கொஞ்சம் தண்ணி'ன்னு கேக்கறா. சொம்புல கொண்டாந்து குடுக்கறான். நின்ன வாக்குல முழுசும் குடிச்சிட்டு, சொம்பத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடறா. அவ தெருமுனை திரும்பினப்புறம்தான் அவனுக்கு ஒறைக்குது. எப்படிம்மா தோணிச்சு இது?"

நான் எழுதியதில் தண்ணீரே இல்லை. கதவே திறக்கவில்லை. அது என்னுடையது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சும்மா... தோணிச்சு சார்" என்று வந்தது.

"அடுத்த மாசம் சென்னைக்கு வாங்க. உக்காந்து பேசுவோம்" என்றார்.

வெளியே வந்தேன். பிரேமா கட்டிக்கொண்டார். எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் இளித்துக்கொண்டு நின்றேன். ஏழு வருடம் திருடன் வருவான் வருவான் என்று பெட்டியைப் பூட்டிப் பூட்டி வைத்தவள், கடைசியில் பட்டப்பகலில் நானே ஒருவர் பொருளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அந்தக் கேவலத்தை இன்றைக்கு நினைத்தாலும் முகம் சுடுகிறது.

ஆரோக்கியம் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேரே போய், "தம்பி, முடிவை ஏன் மாத்துனீங்க?" என்றேன்.

"நான் இன்னாத்த மாத்தனேன்? நீங்க சொன்னதத்தான் சொன்னேன்."

"அவ தட்டாம திரும்பிருவா. தண்ணி கேக்கவே மாட்டா."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பைண்டிங்கைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கையில் துணியைப் பிடித்தபடி முழுக்கக் கேட்டார். பிறகு ரொம்பப் பொறுமையாக, என் மனம் நோகக்கூடாது என்கிற மாதிரி சொன்னார்:

"இல்லீங்கக்கா. எழுதறப்ப நீங்க வுட்டுட்டீங்க. அந்த வெய்யில்ல நாலு மைலு நடந்து வந்திருக்கா. ஆத்திரம் கீதோ இல்லியோ, தாகம் இருக்குமில்ல? தண்ணி கேக்காம எப்டி போவா? நீங்க சொல்லச்சொல்ல நான் பாத்துக்கினுதானே இருந்தேன்."

ஏழு வருடம் அந்தப் பெண்ணோடு இருந்திருக்கிறேன். அவள் துக்கம், மானம், வைராக்கியம் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தாகம் எடுக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பெல்ட் வாங்கப் போன பஸ் திரும்பி வருகிற நேரத்துக்குள் இந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. அருவி முன்னால் நின்றதைவிடப் பெரிய மலைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். இயக்குநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "சார், நான் பொய் சொல்லிட்டேன். அந்த முடிவு என்னோடது இல்ல. இவரோடது" என்றேன். போனால் போகட்டும் என்று நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஆரோக்கியத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த பைண்டிங்கை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். என் கதையை ஒருவர் பிரித்துப் படிப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இதுவும் மோசமில்லம்மா" என்றார்.

"இல்ல சார். அவர் சொன்னதுதான் சரி. படம்னு ஒண்ணு வந்தா ரெண்டு பேர் பேரும் போடணும். இல்லன்னா என்னோட பழைய முடிவே இருக்கட்டும்."

"போடுவோம். அப்ப ரெண்டு பேருமே வாங்க. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி, காலைல பத்து மணி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆரோக்கியம் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"பதினஞ்சா? அன்னிக்கு முகூர்த்தமாச்சேங்க. நைனார்பாளையத்துல ஒண்ணு, சின்னசேலத்துல ஒண்ணு, ரெண்டு கல்யாணத்துக்கு வண்டி ஒத்துக்கினு கீறேன். பொண்ணு மாப்பிள்ளைய நடுரோட்ல வுட்டுட்டா வர முடியும்?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களே போய்ச் சொல்லுங்கக்கா. அந்தம்மாவுக்குத் தண்ணி குடுக்கறத மட்டும் மறுபடியும் மறந்துடாதீங்க."